பேசாத பெஞ்சு

குழந்தையின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவுக்கு முதல் கொட்டாவி வந்தது.

தூக்கக் கலக்கத்தில் வருகிற கொட்டாவி அல்ல. தாடையை யாரோ உள்ளிருந்து இழுத்துத் திறப்பது போன்றது. பல்லைக் கடித்து அடக்கினாள். கண்ணில் நீர் கட்டியது. அடுத்து இடது கெண்டைச்சதைக்குள் எறும்புகள் ஊரத் தொடங்கின. இனி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு கால்களும் நிற்காது. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும், எங்கே நடப்பது என்று மட்டும் சொல்லாது.

தம்பி ரெமி இன்றைக்கும் மருந்துக்குப் போகவில்லை.

"பாத்துக் குத்துங்கக்கா, பயந்த புள்ள" என்றாள் குழந்தையின் தாய்.

ஊசி நரம்பின் ஓரமாக இறங்கியது. ரத்தம் வரவில்லை. ஜெசிந்தா ஊசியை லேசாகத் திருப்பினாள். குழந்தை அலறியது. தாய் குழந்தையின் கையைப் பிடுங்கிக்கொண்டு, "என்னக்கா, ஒங்களுக்குக் கை ஆடுது?" என்றாள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து எபனேசர் சார் வந்தார். பரிசோதனை நிலையம் அவருடையது. கையுறை மாட்டிக்கொண்டு, குழந்தையிடம் ஏதோ பூனைக்கதை பேசி, மறு கையில் ரத்தம் எடுத்து முடித்தார். தாயும் குழந்தையும் போன பிறகுதான் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பியா?"

"ஆமா சார்."

"போயிட்டு வாங்க. நான் கோவமா சொல்லலம்மா. ஒங்க கை மாதிரி கை இந்த ஊர்ல கிடையாது. ஆனா ஊசி எடுக்கிற கைக்கு ரெண்டு முதலாளி இருக்க முடியாது. ஒரு முடிவு எடுத்துட்டு வாங்க."

அவர் பார்வை அவளுடைய மணிக்கட்டில் இருந்தது. சாம்பல் நிறத்தில், வாட்ச் வார் அகலத்தில், முகப்பு இல்லாத ஒரு பட்டை அதில் இருந்தது.

வாசலுக்கு வந்து போன் செய்தாள். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் அவன் பழுது பார்க்கும் படகு எஞ்சின் ஓடுகிற சத்தம்.

"ஏக்கா."

"எங்கலே இருக்க?"

"ஷெட்லதான்."

"மையத்துக்குப் போனியா?"

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியை அவள் நன்றாக அறிவாள். ஒரு பொய் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்கு ஆகும் நேரம் அது. அவன் போதைப் பவுடர் அடித்துக்கொண்டிருந்த வருடங்களில் அந்த இடைவெளிகளில்தான் அவள் வாழ்ந்திருக்கிறாள்.

"இல்லக்கா" என்றான் ரெமி. "தூங்கிட்டேன். லேட்டாயிட்டு."

"வா. நானும் வாரேன்."

"வாரேன்க்கா" என்றான். எஞ்சின் நின்றது.

ஸ்கூட்டரில் போகும்போது கால்கள் கொஞ்சம் அடங்கும். ஓடுகிற வண்டியின் அதிர்வு அவற்றை ஏமாற்றிவிடும். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளுக்கு இடையில் புகுந்து போனாள். வெயிலில் உப்பளங்களின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சிவப்பு விளக்கில் நின்றபோது வலது கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் அந்தக் காலைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் அந்தப் பட்டையைத் தெரியும்.

பட்டை வந்த கதை எளிமையானது. பவுடர் பழக்கத்துக்கு மாற்று மருந்து தருகிற மையங்கள் முன்பே இருந்தன. நாள் தவறாமல் வந்து, நாக்குக்கு அடியில் மருந்து வைத்துக்கொண்டு போனால், உடம்பு பழைய போதையைக் கேட்காது. ஆனால் நாள் தவறிக்கொண்டேதான் இருந்தது. பையன்கள் இரண்டு நாள் வருவார்கள், மூன்றாம் நாள் காணாமல் போவார்கள், வாரம் கழித்துப் பாலத்துக்கு அடியில் கிடப்பார்கள். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், தேடிப் போக ஆள் கிடையாது. அப்போதுதான் இது வந்தது. அரிசி அளவில் ஒரு மின்னணுச் சில்லு, மருந்து எடுப்பவரின் புஜத்துக்குள்; பட்டை அவருடைய வீட்டு ஆள் ஒருவரின் கையில்.

மைய டாக்டர் தாணுமாலயன் முதல் கூட்டத்தில் விளக்கியது ஜெசிந்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மார்கள், மனைவிகள், அக்கா தங்கைகள்.

"போன் அடிச்சா கட் பண்ணிடலாம். மெசேஜ் வந்தா படிக்காம விடலாம்" என்றார் டாக்டர். "உடம்பு கூப்பிட்டா யாராலயும் விட முடியாது. அவங்க ரத்தத்துல மருந்து குறைய ஆரம்பிச்சதும் சில்லு பட்டைக்குச் சொல்லும். பட்டை உங்க நரம்புக்குச் சொல்லும். அவங்க படப்போற அவஸ்தையில பத்துல ஒரு பங்கு, அவ்வளவுதான். உங்களுக்கு எந்தக் கெடுதலும் கிடையாது. நீங்க போய் அவங்களைக் கூட்டிட்டு வரணும். மருந்து உள்ள போனதும் உங்களுக்கும் நின்னுடும்."

முன்வரிசையில் இருந்த லூர்தம்மாள் கேட்டாள், "நீங்க போட்டுப் பாத்தியளா டாக்டரு?"

"பாத்தேனே. ஒரு நாள் முழுக்க."

"ஒரு நாளா! அப்ப நல்லாத்தான் இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். எல்லாரும் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். துணை ஆள் இல்லாதவருக்கு மையத்தில் இடம் இல்லை என்பது விதி. இடத்துக்காக வெளியே காத்திருந்தவர்கள் ஏராளம். தவறிய நாள்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதாகச் செய்திகளில் சொன்னார்கள். அது உண்மைதான். எப்படிக் குறைந்தது என்பதைச் செய்தியில் சொல்லவில்லை.

மையம் ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் இருந்தது. வெளிச்சுவர் ஓரம், வேப்பமர நிழலில், பட்டை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கம்பிக் கதவு வழியாக உள்ளே இருக்கும் நீள பெஞ்சு தெரியும். ஆண்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போய் நர்ஸ் பர்வீனிடம் வாயைக் காட்டுவார்கள். பர்வீன் மாத்திரையைச் சின்ன உரலில் இடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவாள். பிறகு பெஞ்சில் பத்து நிமிடம். தலை குனிந்து இருக்க வேண்டும், பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. பேசினால் மருந்து கரைவதற்கு முன்னால் தொண்டைக்குள் இறங்கி வீணாகிவிடும். அடாவடிப் பேர்வழிகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடம் மாதா கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கப் போகும் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள்.

வெளியே சுவரோரத்தில் பெண்களின் கால்கள் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே மருந்து கரையக் கரைய ஒவ்வொரு காலாக நிற்கும். யாருடைய கால் நின்றது என்று பார்த்தே யாருடைய பிள்ளைக்கு மருந்து இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

ரெமி அவளுக்கு முன்பே வந்து கதவருகே நின்றிருந்தான். கையெல்லாம் கிரீஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். பர்வீன் அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் கம்பிக் கதவில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தாள், உரலை எடுத்தாள்.

"நாக்கத் தூக்கு" என்றாள்.

ஜெசிந்தா சுவரோரம் உட்கார்ந்தாள். முழங்கால்கள் இரண்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி குதித்தன. பக்கத்தில் லூர்தம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கால்கள் சும்மா இருந்தன. மகன் காலையிலேயே மருந்து எடுத்துவிட்டான், பேச்சுத் துணைக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கும் விட்டுட்டானாட்டி ஒன் தம்பி?"

"ஆமாத்த. தூங்கிட்டானாம்."

"என் மவன் அந்த ஆட்டம் ஆடுனான், இப்ப சரியா வாரான். ஒன் தம்பி முதல்ல சரியா வந்தான், இப்ப ஆடுதான்." லூர்தம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "நல்லா யோசிச்சுப் பாரு. எம் புருசன் குடிச்ச காலத்துல ஒரு நாளாவது எனக்குப் போத ஏறிருக்கா? இவன் மருந்த விட்டா மட்டும் எனக்கு நடுக்கம். நல்லதுல பங்கு கிடையாது, கெட்டதுல பங்கு. இதுக்குப் பேரு துணைப்பட்டையாம். ரெண்டாம் தாலின்னு சொல்லிட்டுப் போவட்டும்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கொட்டாவியும் வந்தது.

"ஒரு ஆம்பள வந்தாரே, மாமனாரு, மருமவனுக்குத் துணையா? ஒரே வாரம். பிரஷர் ஏறுதுன்னு கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நமக்கு ரத்தமே கிடையாது போல." லூர்தம்மாள் தன் பட்டையைத் தேய்த்தாள். "எனக்கு மொதல்ல இது சூடாவும். மணிக்கட்டுல அயன்பாக்ஸ் வச்ச மாதிரி. பொறவுதான் கால்ல இறங்கும். ஒனக்கு?"

"முன்னாடி, அவன் கொஞ்சம் லேட்டாப் போனா சூடாகும். இப்பல்லாம் சூடே தெரியல. நேரா கால்லதான்."

"பழகிருச்சு ஒனக்கு" என்றாள் லூர்தம்மாள்.

கம்பிகளுக்கு அப்பால் ரெமி பெஞ்சில் தலை குனிந்து இருந்தான். ஜெசிந்தா அவனுடைய கழுத்தின் பின்புறத்தைப் பார்த்தாள். மூக்கு ஒழுகவில்லை, மயிர்க்கூச்செறியவில்லை, தோள் ஆடவில்லை. பத்தில் ஒரு பங்கே தன்னை இப்படி உலுக்கும்போது முழுப் பங்கையும் வைத்துக்கொண்டு எவ்வளவு அமைதியாக இருக்கிறான் என்று வியந்தாள். மறைப்பதில் கெட்டிக்காரன். எப்போதுமே.

கொஞ்ச நேரத்தில் அவள் கெண்டைச்சதை தளர்ந்தது. எறும்புகள் கலைந்து போயின. அந்த நிம்மதி வரும்போது எப்போதும் அவளுக்கு அழுகை வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெஞ்சில் அவன் தலை குனிந்திருக்க, வெளியே தன் உடம்பு மெல்ல மெல்லத் தன்னிடமே திரும்பி வருகிற அந்தச் சில நிமிடங்கள்தான் அவளுடைய வாரத்திலேயே நல்ல நேரம். அவமானமாகவும் இருந்தது.

ரெமி வெளியே வந்தான். ஸ்கூட்டர் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

"எபனேசர் சார் முடிவெடுக்கச் சொல்லிட்டாரு" என்றாள். "இன்னைக்கு ஒரு சின்னப் புள்ள கைல தப்பாக் குத்திட்டேன். ஒன்னால."

அவன் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

"அடுத்த வாரம் பட்டையப் புதுப்பிக்கணும். நான் ரேகை வைக்கப் போறதில்ல ரெமி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இல்லையென்றால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அம்மா இறந்துவிட்டாள். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டாள். துணைக்கு வேறு ஆள் இல்லை. ஜெசிந்தா விலகினால் அவன் இடம் வேறொருவருக்குப் போகும். அவன் வெளியே நிற்க வேண்டும், மருந்து இல்லாமல், படகுத்துறையில், பழைய கூட்டாளிகள் நிற்கிற அதே இடத்துக்குப் பக்கத்தில்.

அவன் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தாள். சத்தியம் செய்வான், அம்மா பெயரை இழுப்பான். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"சரிக்கா" என்றான்.

"சரியா? அவ்வளவுதானா?"

"ஒனக்கு வேலை முக்கியம்லா. நான் பாத்துக்கிடுதேன்."

"என்னத்தலே பாத்துக்கிடுவ? நேரத்துக்கு எந்திரிச்சு ஒரு மாத்திரை வாங்கத் துப்பில்ல!"

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். மூடிக்கொண்டான். "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டான். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் கிளமெண்ட் கப்பலிலிருந்து பேசினான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான். திரையில் அவன் முகம் உறைந்து உறைந்து நகர்ந்தது.

"என்ன சத்தம் அங்க?" என்றான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் கட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தினாள். "ஒண்ணுமில்ல. கால்."

"அவனா? மறுபடியுமா?"

"இல்ல, இது சும்மா."

"ரேகை வைக்காத ஜெசி. நீ பாத்தது போதும். அவன் ஒன் புள்ளையா?"

பிள்ளை என்ற சொல் இருவருக்கும் நடுவில் விழுந்தது. இருவரும் அதைத் தாண்டிப் போனார்கள். அவன் நாளைக்குப் பொரிக்கப்போகும் மீனைப் பற்றிச் சொன்னான். அவள் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னாள். சிக்னல் போயிற்று.

அதன் பிறகு வீடு அமைதியானது. அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். கரண்டி டிராயரைத் திறந்து பார்த்தாள். ரெமி இந்த வீட்டில் இருந்தபோது ஸ்பூன்கள் காணாமல் போகும். குளியலறை ஓட்டு இடுக்கிலும் மாடிப்படிக்கு அடியிலும், பவுடர் காய்ச்சிக் கருகிய அடிப்பக்கத்தோடு கிடைக்கும். படுக்கப் போகும் முன் டிராயரைத் திறந்து பார்ப்பது அப்போது வந்த பழக்கம். அவன் தனியாக அறை எடுத்துப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. ஸ்பூன்கள் எல்லாம் பளபளவென்று அதனதன் இடத்தில் இருந்தன. அவள் பார்த்தாள். மூடினாள். மறுபடியும் திறந்து பார்த்தாள்.

எதைத் தேடுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் டிராயரை மூடிவிட்டாள்.

புதுப்பிக்கும் நாளன்று வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனாள். ரெமியிடம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவதற்குள் கால்கள் ஆரம்பித்துவிட்டன. இன்றைக்குமா? இன்றைக்குக்கூடவா உன்னால் வர முடியவில்லை? அவளுக்கு இருந்த கொஞ்சம் தயக்கமும் அந்தக் கோபத்தில் கரைந்தது.

உள்ளே பெஞ்சு காலியாக இருந்தது. காலைக் கூட்டம் முடிந்திருந்தது. பர்வீன் உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விலகிக்கிடுதேன் சிஸ்டர். எங்க ரேகை வைக்கணும்?"

பர்வீன் கையைத் துடைத்தாள். "ரெமிட்ட சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன். சரின்னுட்டான். அவனுக்கே அக்கறையில்ல. இந்தா, இப்பவும் என் காலப் பாருங்க. இன்னைக்கும் வரல அவன்."

பர்வீன் அவளுடைய காலைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஜெசிந்தாக்கா, இங்க உக்காருங்க."

"உக்கார முடியாது சிஸ்டர்."

"அப்ப நின்னே கேளுங்க. ரெமி காலைல கதவு தொறக்கும்போதே வந்துட்டான். மருந்து எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போனான்."

"வந்தானா? அப்ப என் பட்டை கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. நிறுத்தி வச்சிருக்கு." பர்வீன் குரலைத் தணித்தாள். "மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. ஒரு வருசம் நாள் தவறாம வந்தா, சில்லு பட்டையோட பேசுறத நிறுத்திடலாம்னு விதி இருக்கு, மருந்து எடுக்கிறவங்க கேட்டா. அவன்தான் கேட்டான். 'அக்கா ஊசி எடுக்கிறவ, அவளுக்குத் தொந்தரவு வேண்டாம், நானே போய்ச் சொல்லுதேன்'னான். சந்தோசமாப் போனான்."

ஜெசிந்தா பட்டையைப் பார்த்தாள். அது எப்போதும் போல இருந்தது.

"அவன் ஒரு நாளும் விடல" என்றாள் பர்வீன். "ஒரு நாள்கூட. மழை வெள்ளத்துல இடுப்பளவு தண்ணில வந்தான்."

"பொய் சொல்லுதிய. திருவிழாவுக்குப் பொறவு எத்தன தடவ அவன இங்க இழுத்துட்டு வந்திருக்கேன்! நீங்கதான மருந்து குடுத்திய? அவன் பெஞ்சுல உக்காந்ததும் எனக்கு நின்னுச்சே!"

பர்வீன் திரும்பினாள். ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடையில் விற்கிற குளுக்கோஸ் பொடி. "அன்னைக்கெல்லாம் அவன் நாக்குக்கு அடியில கொட்டுனது இதத்தான்."

வெளியே வேப்பமரத்தில் காகம் ஒன்று கத்தியது. ஜெசிந்தாவின் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"மொதல் தடவ நீங்க போன் பண்ணுனப்ப அவன் ஒங்கள்ட்ட விசயத்தச் சொல்லத்தான் கிளம்பிட்டு இருந்தானாம்" என்றாள் பர்வீன். "நீங்க எடுத்த எடுப்புல திட்டிருக்கிய, கால் ஊருது, நீ போகலன்னு. அவனுக்கு ஒண்ணும் புரியல. இங்க ஓடி வந்தான். நான் மிஷின்ல பாத்தேன், பட்டை செத்துத்தான் கெடக்கு. வெளிய நீங்க நடுங்கிட்டு நிக்கிய. நான் சொன்னேன், உள்ளத சொல்லிருவோம்டா, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம்னு. அவன் கம்பி வழியா ஒங்களையே பாத்துட்டு நின்னான். 'கொஞ்சம் இருங்க சிஸ்டர், நான் பெஞ்சுல உக்காந்து பாக்குதேன்'னான். உக்காந்தான். ஒங்களுக்கு நின்னுச்சு."

"அதுக்காக..."

"அதுக்குப் பொறவு ஒவ்வொரு தடவயும் கேட்டேன், சொல்லிருவோமான்னு. 'வேண்டாம் சிஸ்டர். எங்கிட்ட இருந்துதான் வருதுன்னு அவ நெனச்சுக்கிடட்டும். காரணம் இருந்தா தாங்கிக்கிடுவா. காரணம் இல்லாம இது வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்'னான். நான் செஞ்சது தப்புதான்க்கா. ஆனா நீங்க விலகுனா அவன் இடம் போயிரும். அதுக்கும் சரின்னு வாய மூடிட்டு இருக்கானே, அதத்தான் என்னால பாத்துட்டு இருக்க முடியல."

ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப்பிள்ளையை ஏமாற்றுவதுபோல ஏமாற்றியிருக்கிறார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்துவதற்குள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வேறு மாதிரி திரும்பி நின்றன. போனில் அந்த இடைவெளி. பொய் சட்டை மாட்டிக்கொள்ளும் நேரம் என்று நினைத்தாளே, அது சரிதான். பொய்யேதான். அவளுக்காகத் தைத்த சட்டை. ஒழுகாத மூக்கு. ஆடாத தோள். எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, வேகாத வெயிலில் ஓடி வந்து, "தூங்கிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்த அவன். அவள் கூப்பிட்ட ஒரு நாளைக்கூட அவன் தவறவிடவில்லை.

"இதக் கழட்டுங்க" என்றாள்.

பர்வீன் சாவியைப் பட்டையின் அடியில் வைத்து அழுத்தினாள். பட்டை விரிந்து விழுந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு வளையம்போலத் தெரிந்தது. ஜெசிந்தா அதைத் தடவிக்கொண்டு நின்றாள். நிற்கும் என்று காத்திருந்தாள். கால்கள் நிற்கவில்லை. கொட்டாவி வந்தது. கண்ணில் நீர் கட்டியது.

அப்படியானால் இது என்னுடையது.

எத்தனை காலமாக? அவனுடைய நடுக்கம் எங்கே முடிந்து தன்னுடையது எங்கே தொடங்கியது? அவன் பவுடர் அடித்த வருடங்களில் அவளுக்குத் தன் காலைப் பற்றி நினைக்க நேரமே இருந்ததில்லை. தேட வேண்டியிருந்தது, ஒளிக்க வேண்டியிருந்தது, கதவைத் தட்டுபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிளமெண்டின் கப்பல், பிறக்காத பிள்ளை, மூடிய டிராயர் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் கிடந்தன. அவன் நல்லவனாகிப் போனான். சத்தம் நின்றது. அடியில் கிடந்தது எழுந்து நடக்க ஆரம்பித்தது. அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால் தெரிந்த ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"இதுக்கு மருந்து உண்டா சிஸ்டர்?"

"டாக்டர்ட்ட பேசிப் பாப்போம்க்கா. என்னன்னு பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது." பர்வீன் தயங்கினாள். "ரேகை?"

"வைக்கிறேன். விலகுறதுக்கு இல்ல. புதுப்பிக்கிறதுக்கு."

"அப்ப பட்டையக் கட்டிக்கிடணும். துணை ஆள் பட்டை கட்டியிருக்கணும்னு விதி." பர்வீன் லேசாகச் சிரித்தாள். "அது பேசணும்னு விதி இல்ல."

"போகும்போது கட்டிவிடுங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்குதேன்."

கட்டைவிரலை அழுத்தினாள். 

வாசலில் பைக் சத்தம் கேட்டது. பர்வீன் வேறு பக்கம் பார்த்தாள். "நான்தான் போன் போட்டேன். அக்கா வந்திருக்காவன்னு மட்டும்தான் சொன்னேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு ரெமி வந்தான். மூச்சு வாங்கியது. நெற்றியில் ஒரு கிரீஸ் கோடு. உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மன்னிச்சிருக்கா, தூங்கிட்டேன், அலாரம் வச்சேன், அது..."

அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்ததும் நின்றான். முகம் வெளுத்தது. அவனைப் போதையில் பார்த்திருக்கிறாள், ஜுரத்தில் பார்த்திருக்கிறாள், போலீஸ் வேனில் பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை.

"ரேகை வச்சுட்டியாக்கா?"

"வச்சுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். "சரி" என்றான். 

"இன்னொரு வருசத்துக்கு" என்றாள் ஜெசிந்தா.

அவனுக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்தான், மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தான். அதன் பக்கத்தில் குளுக்கோஸ் டப்பா இருந்தது. அதைப் பார்த்தான். பர்வீனைத் திரும்பிப் பார்த்தான். பர்வீன் உரலை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே சுத்தமாக இருந்த உரல்.

"ஏக்கா..." என்றான். 

"கால் நிக்க மாட்டேங்குதுடா" என்றாள் அவள். திட்டப் போகிறோம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்.

ரெமி அவளுடைய கால்களைப் பார்த்தான். அவற்றை அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊர்வதை, அந்தப் போக்கிடம் இல்லாத அவசரத்தை இந்த ஊரில் அவனைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் கிடையாது. அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எப்போதும் உட்காரும் இடத்தில் அல்ல, கொஞ்சம் தள்ளி, ஓரமாக. பக்கத்தில் இருந்த இடத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"உக்காரு. பத்து நிமிசம்" என்றான். "பேசக் கூடாது."

கம்பிக் கதவுக்கு உள்ளே அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பெஞ்சு குளிர்ந்திருந்தது. உட்கார்ந்ததும் கால்கள் எழச் சொல்லின. அவள் எழவில்லை. அவளுடைய கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சு முழுக்க அதிர்ந்தது, அவனும் சேர்ந்து அதிர்ந்தான். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

அவளும் குனிந்தாள். வாய்க்குள் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாக்கை அசைக்காமல், எச்சிலை விழுங்காமல், எதுவோ கரைவதற்காக அவள் காத்திருந்தாள்.